எச்.ஐ.வி. ஆய்வில் பணக்கார நாடும் ஏழை நாடும் கூட்டுச் சேர்ந்தால் யாருக்கு என்ன கிடைக்கிறது?

புதிய எச்.ஐ.வி. மருந்து ஒன்று வெற்றி என்று செய்தி வந்தால் அதில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரோ ஒரு மருந்துக் கம்பெனியின் பெயரோ கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த மருந்தை முதலில் உடம்பில் வாங்கிக்கொண்டவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பது கடைசிப் பத்தியில் வரும், வராமலும் போகும். கம்பாலா, டர்பன், நைரோபி, பாங்காக், நம் சென்னை என்று அந்த ஊர்ப் பட்டியல் நீளமானது. பணமும் மருந்தும் ஒரு பக்கத்திலிருந்து வர, நோயாளிகளும் மருத்துவமனைகளும் இன்னொரு பக்கத்தில் இருக்க, இரண்டும் சேர்ந்து நடத்தும் இந்த ஏற்பாட்டைத்தான் சர்வதேச ஆய்வுக் கூட்டு என்கிறார்கள். இது எப்படி நடக்கிறது, எங்கே சிக்கல் வருகிறது, ஒரு கூட்டு நியாயமானதா என்பதை எதை வைத்துச் சொல்வது என்று, இந்தத் துறைப் பக்கமே வராதவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

முதலில், ஏன் அங்கே போகிறார்கள்? ஏழைகள் என்றால் கேட்க நாதியில்லை, அதனால்தான் என்று பலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அப்படி நடந்ததும் உண்டு, அதற்கு வருகிறேன். ஆனால் அடிப்படைக் காரணம் கணக்கு. உலகில் சுமார் 4 கோடிப் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள், அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள். ஒரு தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, தொற்று இல்லாதவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, அவர்கள் வழக்கம்போல வாழும்போது தொற்று வருகிறதா இல்லையா என்று காத்திருந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஆண்டுக்கு 1000 பேரில் ஒருவருக்குத் தொற்று வரும் ஓர் ஊரில் 2000 பேருக்கு மருந்து கொடுத்து, ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்றால் அதில் எதுவும் நிரூபணமாகாது, மருந்தே இல்லாவிட்டாலும் இரண்டு பேருக்குத்தான் வந்திருக்கும். லெனகாபவிர் என்ற, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். 2024-ல் முடிவு வந்தது. அந்த வட்டாரங்களில் ஆண்டுக்கு 100 பெண்களில் 2.41 பேருக்குத் தொற்று வந்துகொண்டிருந்தது, ஊசி போட்ட 2134 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம் கொடுத்தது அந்த ஊரின் 2.41தான்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு விஷயம் தெளிவாகும். பணக்கார நாடு அங்கே போவது தானம் செய்ய இல்லை. அதற்கு அந்த ஊர் தேவைப்படுகிறது. அந்தப் பெண்கள் கை நீட்டி ரத்தம் கொடுக்காவிட்டால் நியூயார்க்கில் இருப்பவருக்கும் அந்த ஊசி கிடைத்திருக்காது.

சரி, நடைமுறையில் எப்படி நடக்கிறது? பெரும்பாலும் பணம் அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனங்களிலிருந்து, அதாவது என்.ஐ.எச்.சிலிருந்து வரும், இல்லையென்றால் ஐரோப்பிய நாடுகள், அறக்கட்டளைகள், மருந்துக் கம்பெனிகள். மானியம் வாங்கும் முதன்மை ஆய்வாளர் பெரும்பாலும் பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருப்பார், அவர் மூலமாக ஒரு பகுதி உள்ளூர் மருத்துவமனைக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோ போகும், என்.ஐ.எச். பணமும் 2025 வரை பெரும்பாலும் இப்படித்தான் போனது. இரு நாட்டிலும் நெறிமுறைக் குழுக்கள் ஆய்வுத் திட்டத்தைப் படித்து அனுமதி தர வேண்டும். ஒப்புதல் படிவத்தை உள்ளூர் மொழியில் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்குச் சாட்சியை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள். எடுத்த ரத்தத்தில் ஒரு பகுதியை அங்கேயே சோதிப்பார்கள், ஒரு பகுதி உறைபெட்டிக்குப் போகும், ஒரு பகுதி விமானம் ஏறி வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகும். அப்புறம் கட்டுரை எழுதுவார்கள்.

இதில் யாரும் பேசாத ஒரு சமாசாரம் இருக்கிறது. ஆய்வுக்கு நேரடியாக ஆகும் செலவு போக, கட்டடம், மின்சாரம், கணக்கர் போன்றவற்றுக்கென்று மானியத்தில் தனியாக ஒரு சதவீதம் சேர்த்துக் கொடுப்பார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இப்படி நேரடிச் செலவில் 50 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருக்க, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு என்.ஐ.எச். வெகுகாலம் கொடுத்துவந்தது 8 சதவீதம். ஆனால் மின்வெட்டு வருவது கம்பாலாவில். மைனஸ் 80 டிகிரியில் ரத்த மாதிரிகளைக் காக்கும் உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் ரசீதை அமெரிக்கத் தணிக்கை விதிப்படி எழுதி வைக்க ஒரு கணக்கர் வேண்டும், அந்தக் கணக்கருக்குச் சம்பளம் அந்த எட்டில்தான். கூட்டு என்ற சொல்லை வைத்து மயங்காமல் இந்த மாதிரி இடங்களைப் பார்த்தால்தான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும்.

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன். இந்தத் துறையில் எல்லாரும் இன்றும் சுட்டிக்காட்டும் சண்டை இது, நிதானமாகச் சொல்ல வேண்டியது.

1994 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்துகொண்டிருந்த ஓர் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், முடிவு அவ்வளவு தெளிவாக வந்துவிட்டது என்பதால். ஏ.சி.டி.ஜி. 076 என்று பெயர். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு ஏ.இசட்.டி. மருந்து கொடுத்தபோது குழந்தைக்குத் தொற்று போவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதைத் தடுக்க முடியும் என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். ஆனால் அந்த மருந்தை எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். கர்ப்பத்தின் 14-வது வாரத்துக்கும் 34-வது வாரத்துக்கும் இடையில் தொடங்கி, நாளுக்கு ஐந்து வேளை மாத்திரை. பிரசவ வலி வந்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை நரம்பு வழியாகச் சொட்டு மருந்து. பிறந்த குழந்தைக்கு ஆறு மணிக்கு ஒரு தடவை சிரப், ஆறு வாரம். தாய்ப்பால் கூடாது. செலவு சுமார் 800 டாலர்.

மலாவியில் அப்போது ஒரு தலைக்கு ஓராண்டுக்கு ஒதுக்கிய சுகாதாரப் பணத்தைப் போல இது 600 மடங்குக்கும் மேல். மாசம் ஏழாகும்போதுதான் முதல்முறையாக மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கு, வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு, தாய்ப்பாலை விட்டால் குழந்தைக்குக் கொடுக்கச் சுத்தமான தண்ணீர்கூட இல்லாத பெண்ணுக்கு இந்த முறையால் என்ன பயன்? அதனால் 1994 ஜூனில் ஜெனிவாவில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள், குறைந்த நாள், குறைந்த செலவில் ஒரு முறையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சிறந்த வழி என்றும் சொன்னார்கள். வெற்று மாத்திரை என்றால் பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது.

ஆய்வுகள் தொடங்கின. 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் நுகர்வோர் உரிமை அமைப்பான பப்ளிக் சிட்டிசனைச் சேர்ந்த பீட்டர் லூரியும் சிட்னி உல்ஃபும் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கு எல்லாரையும் உலுக்கியது. வளரும் நாடுகளில் நடக்கும் இப்படிப்பட்ட ஆய்வுகள் 16, அவற்றில் 15-ல் சில பெண்களுக்கோ எல்லாருக்குமோ வைரஸ் எதிர்ப்பு மருந்து கிடைக்கவில்லை; அமெரிக்காவில் நடக்கும் 2 ஆய்வுகளிலோ எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கிறது. குழந்தையைக் காக்கும் மருந்து இருப்பது தெரிந்த பிறகும் ஒரு தாய்க்கு வெற்று மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அதே இதழின் நிர்வாக ஆசிரியர் மார்சியா ஏஞ்சல் இதை டஸ்கீகியோடு ஒப்பிட்டு எழுதினார். 1932 முதல் 1972 வரை அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்குச் சிஃபிலிஸ் நோயிருப்பது தெரிந்தும் மருந்து கொடுக்காமல் வேடிக்கை பார்த்த ஆய்வு அது.

என்.ஐ.எச். இயக்குநர் ஹெரால்ட் வார்மஸும் நோய்க்கட்டுப்பாட்டு மைய இயக்குநர் டேவிட் சாட்சரும் பதில் எழுதினார்கள். உள்ளூரில் இப்போது கிடைப்பது எதுவுமில்லை, எனவே எதுவுமில்லாததைவிட இந்தக் குறுகிய முறை மேலா என்பதுதான் கேள்வி, அதற்கு வேகமாகவும் தெளிவாகவும் விடை தருவது இந்த ஒப்பீடுதான் என்பது அவர்கள் வாதம். உகாண்டாவின் எட்வர்ட் ம்பிட்டே எழுதிய கடிதத்தை அதில் எடுத்துக் காட்டினார்கள். உகாண்டா மக்களுக்காக உகாண்டா ஆய்வாளர்கள் நடத்தும் ஆய்வுகள் இவை, நடத்துவது என்.ஐ.எச். இல்லை என்பதுதான் அதன் சாரம்.

இரண்டு பக்கத்தையும் படித்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வெற்று மாத்திரை இல்லாமலும் செய்திருக்க முடியும். அந்த 16-ல் மிச்சமிருந்த ஒன்று, தாய்லாந்தில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்தியது, எல்லாப் பெண்களுக்கும் ஏ.இசட்.டி. கொடுத்து, எத்தனை நாள் கொடுத்தால் போதும் என்பதை மட்டும் ஒப்பிட்டது. விடையும் கிடைத்தது. ஆனால் ம்பிட்டேயின் கோபத்தை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் உகாண்டாவில் மருந்து இல்லாததற்குக் காரணம் அவர் இல்லை. 800 டாலர் என்பது யாரோ வைத்த விலை. அந்த விலையைப் பற்றி யாரும் ஆய்வு நடத்தவில்லை, அதை மாற்ற முடியாத ஒன்றாக வைத்துக்கொண்டு அதற்குக் கீழே என்ன செய்யலாம் என்று மட்டும் இரண்டு தரப்பும் வாதாடின. எனக்கு இந்தச் சண்டையில் ஆறாத வருத்தம் இதுதான்.

1998 பிப்ரவரியில், பாங்காக்கில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த வேறோர் ஆய்விலிருந்து விடை வந்தது. கடைசி நாலு வாரமும் பிரசவத்தின்போதும் மட்டும் ஏ.இசட்.டி. கொடுத்தாலே தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 9.4 ஆகக் குறைகிறது. அதோடு மற்ற இடங்களிலும் வெற்று மாத்திரையைக் கைவிட்டார்கள். அப்போதுதான் தொடங்கியிருந்த உகாண்டா ஆய்வு ஒன்றில் 19 தாய்மார்கள் அதற்குள் வெற்று மாத்திரைப் பிரிவில் சேர்ந்திருந்தார்கள்.

எச்.ஐ.வி.நெட் 012 என்ற அந்த ஆய்வு கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் நடந்தது. மக்கரேரே பல்கலைக்கழகமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் 1988 முதலே அங்கே சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தன, பிரான்சிஸ் ம்மிரோ, பிலிப்பா முசோகே போன்ற உகாண்டா மருத்துவர்கள் ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர்கள். அவர்கள் சோதித்த முறை இவ்வளவுதான்: வலி தொடங்கியதும் தாய்க்கு ஒரே ஒரு நெவிராபின் மாத்திரை, 200 மில்லிகிராம். குழந்தை பிறந்து 72 மணி நேரத்துக்குள் அதற்கு ஒரே ஒரு வேளை சிரப். ஊசி இல்லை, நரம்பில் ஏற்றுவது இல்லை, ஆறு வாரம் அலாரம் வைத்து எழுந்திருப்பதும் இல்லை. குழந்தைகளுக்கு மூன்றரை மாதம் ஆனபோது சோதித்ததில், நெவிராபின் பிரிவில் 13.1 சதவீதம் பேருக்குத் தொற்று, குறுகிய ஏ.இசட்.டி. பிரிவில் 25.1 சதவீதம். செலவு சுமார் 4 டாலர். 1999-ல் இது வெளியானபோது, பணக்கார ஊரில் பிறந்த கேள்வியைக் குறுக்கி இங்கே கொண்டுவராமல், முலாகோவின் பிரசவ அறையில் என்ன சாத்தியம் என்று அங்கிருந்தே யோசித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரிந்தது.

அந்த ஆய்வுக்கும் சோதனை வந்தது. மருந்துக் கம்பெனி இந்தத் தரவை வைத்து அமெரிக்காவில் அனுமதி கேட்கப் போனபோது, பதிவேடுகள் அமெரிக்க உரிம விதிகளின் அளவுக்கு இல்லை என்று சர்ச்சை கிளம்பி, தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. மருந்துகளையே எதிர்த்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2005-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பின் குழு எல்லாவற்றையும் அலசி, பதிவுகளில் குறை உண்டு, முடிவு செல்லும் என்றது. ஒற்றை மாத்திரையால் வைரஸுக்கு அந்த மருந்தைத் தாங்கும் சக்தி உருவாகிவிடலாம் என்பதும் பிறகு தெரிந்தது, இன்று அதைவிட நல்ல முறைகள் வந்துவிட்டன.

அப்படி வந்த முறைகளில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? மலாவியிலிருந்து. அந்த 600 மடங்கு மலாவிதான். யாருக்கு ஆயுள் முழுக்க மருந்து, யாருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று முடிவு செய்ய, ரத்தத்தில் நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 அணுக்களை எண்ண வேண்டும் என்பது அப்போதைய உலக விதி. மலாவியின் கிராமத்துச் சுகாதார நிலையங்கள் பலவற்றில் அந்தக் கருவியே கிடையாது. 2011-ல் மலாவி சுகாதார அமைச்சகம், எண்ணவே வேண்டாம், எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் எல்லாருக்கும் ஆயுள் முழுக்க மருந்து என்று முடிவெடுத்தது. மருந்து தொடங்கிய பெண்களின் எண்ணிக்கை ஓராண்டில் பல மடங்கு ஏறியது. 2013-ல் உலகச் சுகாதார நிறுவனம் அதைத் தன் வழிகாட்டலில் சேர்த்துக்கொண்டது. கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதுதான் ஒரு ஆய்வுக் கூட்டின் உயிர் என்று நான் நம்புவதற்கு மலாவியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்விக்கு அடுத்தது உரிமை. கென்யாவில் நைரோபி பல்கலைக்கழகமும் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகமும் 1980 முதல் சேர்ந்து வேலை செய்கின்றன. நைரோபியின் மஜெங்கோ பகுதியில் பாலியல் தொழில் செய்யும் பெண்களை 1985 முதல் கவனித்துவந்தபோது, திரும்பத் திரும்ப வைரஸுக்கு ஆளாகியும் சிலருக்குத் தொற்றே வரவில்லை என்று கண்டார்கள். அவர்கள் உடலின் எதிர்ப்பைப் பார்த்து ஆக்ஸ்ஃபோர்டும் நைரோபியும் சேர்ந்து ஒரு தடுப்பூசி உருவாக்கத் தொடங்கின. 2000-ல் ஒரு விஷயம் வெளியே வந்தது: காப்புரிமை விண்ணப்பத்தில் கென்யத் தரப்பு இல்லை. கென்ய ஆய்வாளர்கள் கொதித்தார்கள், பேச்சுவார்த்தை நடத்தி அவர்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. தடுப்பூசி கடைசியில் பலன் தரவில்லை. ஆனாலும் அந்தப் பெண்களின் ரத்தத்திலிருந்து வந்த அறிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இன்றும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வருகிறது, வர வேண்டும்.

சில சமயம் பங்கேற்பவர்களே நிறுத்திவிடுவார்கள். கம்போடியாவில் 2004-ல் 960 பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் டெனோஃபோவிர் மாத்திரையைத் தடுப்பு மருந்தாகச் சோதிக்கத் திட்டமிட்டபோது, அந்தப் பெண்களின் சங்கம் கேட்டது, பக்கவிளைவு வந்தால் ஆய்வு முடிந்த பிறகு எங்களை யார் பார்ப்பார்கள் என்று. நல்ல பதில் வரவில்லை. ஆகஸ்டில் பிரதமர் ஹுன் சென் ஆய்வை நிறுத்தினார். இழப்பு இரண்டு பக்கமும்தான், ஏனென்றால் அந்த மருந்து தடுப்புக்கு உதவும் என்று பிற்பாடு வேறு ஆய்வுகளில் உறுதியானது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், திட்டம் எழுதும்போதே பங்கேற்பாளர்களை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்ற வழிகாட்டு நெறிகளை 2007-ல் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யு.என்.எய்ட்ஸ் வெளியிட்டது.

நல்லபடியாக நடந்ததும் உண்டு, அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் சென்னையில் முதலில் கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். சுனிதி 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், பிறகு எச்.பி.டி.என். 052 என்ற ஒன்பது நாட்டு ஆய்வின் மையங்களில் ஒன்றானது. தம்பதியில் ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை. அப்படி 1763 ஜோடிகள். தொற்று உள்ளவருக்கு உடனே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது குறையுமா என்று பார்த்தார்கள். துணையிடமிருந்தே வந்தது என்று மரபணுச் சோதனையில் உறுதியான 28 தொற்றுகளில் 27, மருந்தைத் தாமதமாகத் தொடங்கிய பிரிவில். உடனே தொடங்கிய பிரிவில் ஒன்றே ஒன்று. 2011-ல் முடிவு வந்ததும் தாமதப் பிரிவினர் எல்லாருக்கும் மருந்து தர முன்வந்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, சோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிட்டால் உடலுறவில் பரவாது என்று இன்று மருத்துவர் உறுதியாகச் சொல்வதற்கு அடித்தளம் போட்டவற்றில் இது முக்கியமானது, அதில் சென்னைத் தம்பதிகளின் ரத்தமும் பொறுமையும் இருக்கிறது.

எல்லாப் பணமும் ஒரே நாட்டிலிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதை 2025 காட்டியது. ஜனவரியில் அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் வேலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தபோது, தென்னாப்பிரிக்காவில் அதன் பணத்தில் எச்.ஐ.வி. தடுப்பு முறைகளைத் தேடிய மேட்ரிக்ஸ் என்ற திட்டத்தின் ஆய்வில் சேர்ந்திருந்த பெண்களின் உடலுக்குள் சோதனை வளையங்கள் இருந்தன. அவற்றை எடுக்க அவர்களைக் கூப்பிடுவதுகூட உத்தரவை மீறுவதாக இருந்தது, ஆய்வாளர்கள் மீறி எடுத்தார்கள். மே மாதம் என்.ஐ.எச்., அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாக வெளிநாட்டுக்குப் பணம் போகும் அந்தப் பழைய வழியையே நிறுத்தி, புது முறை வரும் வரை காத்திருக்கச் சொன்னது. 

கடைசியாக, மறுபடி லெனகாபவிர். 2025 ஜூனில் அமெரிக்காவில் தடுப்பு மருந்தாக அனுமதி பெற்றபோது அதன் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். 120 ஏழை, நடுத்தர நாடுகளுக்காக மலிவாகத் தயாரித்துக்கொள்ள ஆறு கம்பெனிகளுக்கு, அதைத் தயாரிக்கும் அமெரிக்கக் கம்பெனியான கிலியட் உரிமம் கொடுத்தது. டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ என்ற இந்தியக் கம்பெனிகள் இரண்டும் 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தரப்போவதாக அறிவித்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவும் உகாண்டாவும் அந்த 120-ல் இருக்கின்றன. ஆண்களிடமும் திருநர்களிடமும் இதே ஊசியைச் சோதித்த இரண்டாவது ஆய்வு நடந்த பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு நான்கும் இல்லை, மேல்நடுத்தர வருமானம் உள்ளவை என்று அவற்றுக்குத் தனி விலை பேசுகிறார்கள். அந்த நாடுகளில் கையெழுத்துப் போட்டு ஊசி போட்டுக்கொண்டவர்களின் வருமானம் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. சோதனை நடக்கும் ஒவ்வொரு நாட்டின் பெயரும் உரிமப் பட்டியலில் இருக்கும் என்று, முதல் தன்னார்வலர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்தால்தான் ஆய்வுக்கு அனுமதி என்று நெறிமுறைக் குழுக்கள் சொல்ல முடியும். அந்த அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.